தெற்குச் சன்னலும் “கொஞ்சம் சிவப்பா”வும்

கேள்வி இது: “டர்பனில், சாட்ஸ்வொர்த் பக்கம் இருக்கிறேன். ஆபீஸ் வேலை போக மிச்ச நேரத்தில் ஆயில், அக்ரிலிக் இரண்டிலும் வரைகிறேன். குடும்பப் படம், சாமி படம் என்று கேட்டு வருகிறார்கள். ஒரு கோயிலில் சுவர்ப்படத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள். முழுநேரமாக இறங்கினால் அன்றாடம் எப்படி இருக்கும்? எதில் சந்தோஷம், எதில் எரிச்சல்? நினைத்ததை வரைய விடுவார்களா?”

கடைசிக் கேள்விக்கு முதலில் சுருக்கமாக. “விடுவார்களா” என்று கேட்கும்போது மனதில் இருப்பது பெரும்பாலும் அரசாங்கம், கட்சிக்காரர்கள், பக்திமான்கள். தென்னாப்பிரிக்காவில் அந்தப் பக்கமிருந்து சாதாரண ஓவியருக்குத் தொல்லை வருவது அபூர்வம். வாரா வாரம் கையைப் பிடித்து இழுப்பவை வேறு: எழுதி வைக்காத பேச்சு, தப்பாகப் போட்ட விலை, காயாத பெயின்ட், “எங்க ஆயாவைக் கொஞ்சம் சிவப்பா போடுங்க” என்ற வேண்டுகோள். இவற்றைச் சரிசெய்தாலே நினைத்ததை வரைய நேரமும் தைரியமும் கிடைத்துவிடும். அதனால் சட்டத்தைக் கடைசியில் வைத்துக்கொண்டு, அறையிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஓவியம் பற்றிய பழைய புத்தகங்களில் எல்லாம் “வடக்கு வெளிச்சம்” என்று ஒரு பேச்சு வரும். அவை ஐரோப்பாவில் எழுதியவை. அங்கே சூரியன் தெற்குப் பக்கமாகவே போவதால் வடக்குச் சன்னலில் வெயில் விழாது. நமக்கு அது தலைகீழ். டர்பன் கிட்டத்தட்ட 30 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. மத்தியானத்தில் வருடம் முழுக்கச் சூரியன் வடக்கே சாய்ந்துதான் நிற்கும். ஆகவே இங்கே வேண்டியது தெற்குப் பார்த்த சன்னல். நேர் வெயில் இல்லாமல் வானத்து வெளிச்சம் மட்டும் வரும். காலை எட்டு மணிக்குக் கலந்த நிறம் பிற்பகலிலும் ஏறக்குறைய அதே நிறமாகத் தெரியும். கோடையில், முக்கியமாக டிசம்பர், ஜனவரியில், காலை ஒன்பது மணி வரையும் பிற்பகல் மூன்றுக்கு மேலும் வெயில் சாய்வாக உள்ளே எட்டிப் பார்க்கும். அந்த மாதங்களுக்கு ஒரு மெல்லிய வெள்ளைத் துணியைக் கட்டினால் போதும். வீட்டில் தெற்கு அறை சமையலறையாக இருந்தால், வீட்டாரோடு பேசி அறையை மாற்றிக்கொள்வது புது ஈசல் வாங்குவதைவிடப் பலன் தரும்.

ராத்திரி வேலைக்கு எல்இடி பல்பு வாங்கும்போது வாட்டை மட்டும் பார்க்காதீர்கள். பெட்டியில் சிஆர்ஐ என்று ஒரு எண் இருக்கும், நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதன் அளவு அது. அது 90க்கு மேலே இருக்கட்டும், நிற வெப்பநிலை 4000 முதல் 5000 கெல்வினுக்குள் இருக்கட்டும். மஞ்சள் பல்பில் மஞ்சளின் அளவு கண்ணுக்குத் தெரியாது. விடிந்து பார்த்தால் கேன்வாஸ் மஞ்சள் காமாலை பிடித்ததுபோல நிற்கும். கரன்ட் போய் எமர்ஜென்சி விளக்கில் வேலை செய்ய நேர்ந்தால் நிறம் கலக்காதீர்கள். மரச்சட்டம் அடிப்பது, கெஸ்ஸோ என்ற அடிப்பூச்சு பூசுவது, பென்சில் கோடு இழுப்பது போன்றவற்றை அந்த நேரத்துக்கு ஒதுக்குங்கள்.

சந்தோஷம் எதில் என்றால், பாதி சந்தோஷம் பேலட்டிலேயே முடிந்துவிடுகிறது என்று சொல்வேன். அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பையும் மட்டும் எடுத்துக் கலந்து பாருங்கள். நீலம் கூடினால் மழைக்கு முந்தைய கடல், சியன்னா கூடினால் ஈரமான செம்மண், இரண்டும் சமமானால் கறுப்பு ட்யூபில் எந்தக் காலத்திலும் கிடைக்காத ஓர் உயிருள்ள கருமை. வாட்டர்கலரில் இதே ஜோடியை 300 கிராம் தாளில் ஈரமாக விட்டால், அல்ட்ராமரின் மணி மணியாகத் தாளின் குழிகளில் தங்கும், சியன்னா தனியே ஓரமாக வழிந்து பிரியும். கையை எடுத்துவிட்டு இரண்டு நிமிஷம் அதைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு யாரும் காசு தரமாட்டார்கள், கேட்கவும் தோன்றாது.

எரிச்சலில் முதலிடம் காற்றுக்கு. டர்பனில் இரண்டு விதமான நாள் உண்டு. குளிர்கால முடிவில் உள்நாட்டு மேட்டுநிலத்திலிருந்து இறங்கும் பெர்க் காற்று சூடாகவும் வறண்டும் வரும். அன்று அக்ரிலிக் பேலட்டிலேயே தோல் கட்டிவிடும், தூரிகையின் அடிக்கட்டில் காய்ந்து மயிரை விரித்துவிடும். இதற்குக் கடையில் விற்கும் ஈர பேலட் தேவையில்லை. மூடியுள்ள தட்டையான சாப்பாட்டு டப்பா ஒன்றில் நனைத்துப் பிழிந்த சமையலறைத் துணியை விரித்து, அதன்மேல் பேக்கிங் தாளைப் போட்டு, தாளின்மேல் பெயின்ட்டைப் பிழியுங்கள். மூடி வைத்தால் மறுநாளும் வேலை செய்யும். நாலைந்து நாள் தாண்டினால் துணி நாற ஆரம்பிக்கும், மாற்றிவிடுங்கள். ரிடார்டர் என்று காய்வதைத் தாமதப்படுத்தும் திரவம் கிடைக்கிறது. அதைக் கண்ணளவாக ஊற்றாமல் புட்டியில் போட்டிருக்கும் விகிதத்திலேயே நில்லுங்கள். கூடிப்போனால் மேற்பரப்பு பிசுபிசுப்பாகவே நின்று தூசியைச் சேர்த்துக்கொள்ளும்.

கோடையில் இதற்கு நேர் எதிர். ஈரம் மிகுந்த காற்றில் அக்ரிலிக்கின் தண்ணீர் வெளியேற மறுக்கும். மேலே தொட்டால் காய்ந்ததுபோல இருக்கும், அடியில் இன்னும் மெத்தென்று இருக்கும். அப்போது மேல்பூச்சு இழுத்தால் கீழ்ப்பூச்சு உரிந்து தூரிகையோடு வரும். சின்ன மேஜை விசிறி ஒன்று போதும், ஹேர் டிரையர் வேண்டாம். அதன் சூடு மேல்தோலை முதலில் மூடிவிடும். இன்னொன்று: அக்ரிலிக் காய்ந்தபின் ஒரு படி கறுக்கும். ஈரத்தில் பாலாக இருக்கும் பசை காய்ந்ததும் கண்ணாடிபோலத் தெளிவதுதான் காரணம். நேற்று பூசிய பின்னணியோடு இன்று பொருத்த வேண்டுமானால், கலந்த நிறத்தை ஒரு துண்டுத் தாளில் தடவி, காயவிட்டு, அதை வைத்துப் பாருங்கள்.

ஆயில் வேறு கணக்கு. அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று இறுகுகிறது. அம்பர் என்ற மண்பழுப்பு வகைகளில் மாங்கனீஸ் இருப்பதால் ஓரிரு நாளில் இறுகும். ஐவரி கறுப்பு ஒரு வாரமானாலும் தொட்டால் ஒட்டும். அடியில் கறுப்பைத் தடிமனாகப் பூசி, மேலே அம்பரை ஏற்றினால் மேல்தோல் முதலில் இறுகி, கீழே அசைவது தொடர்ந்து, நாளடைவில் வெடிப்பு விழும். “மெலிந்ததன் மேல் கொழுத்தது” என்று ஓவியர்கள் சொல்வது இதைத்தான். முதல் பூச்சில் எண்ணெய் குறைவாகவும், போகப் போக ஒவ்வொரு பூச்சிலும் கொஞ்சம் கூடவும் இருக்க வேண்டும். வெள்ளை வாங்கும்போதும் ட்யூபின் பின்புறத்தில் நிறமிக் குறியீட்டைப் பாருங்கள். பிடபிள்யூ 6 என்றால் டைட்டானியம், பயமில்லை. பிடபிள்யூ 4 என்றால் துத்தநாக வெள்ளை. ஆயிலில் அது காலப்போக்கில் நொறுங்கும் தன்மை கொண்டது, முகம் வரையும் இடத்தில் அதைத் தவிர்ப்பது நல்லது. லின்சீட் எண்ணெய் துடைத்த துணியைக் கசக்கிக் குப்பையில் போடாதீர்கள். இறுகும்போது வெளிவரும் சூடு சுருட்டிய துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றும். தண்ணீர் ஊற்றி மூடிய தகர டின்னில் போடுங்கள், அல்லது வெளியே கொடியில் ஒற்றையாக விரித்துக் காயவிடுங்கள்.

இனி நம்ம ஊர் வில்லன். இங்கே எல்லோரும் ஃபிஷ்மோத் என்று சொல்லும் வெள்ளிப்பூச்சிக்கு ஓவியத்தில் அக்கறை இல்லை, தாளில் ஏற்றியிருக்கும் பசையிலும் மாவுப் பசையிலும்தான் அக்கறை. வாட்டர்கலர் தாளின் மேற்பரப்பைச் சுரண்டித் தின்னும். பெரும்பாலும் ஓட்டையாக இருக்காது, வெல்வெட்டில் எலி நடந்ததுபோல மொழுமொழுவென்று ஒழுங்கற்ற திட்டுகளாக இருக்கும். தாள்களைத் தரையில் வைக்காதீர்கள். இறுக்க மூடும் பிளாஸ்டிக் பெட்டியில், ஆரஞ்சு மணி சிலிகா ஜெல் பையோடு வையுங்கள். மணிகள் பச்சையாக மாறினால் ஈரம் குடித்துவிட்டது என்று அர்த்தம். 120 டிகிரி அவனில் இரண்டு மூன்று மணி நேரம் வைத்தால் திரும்ப ஆரஞ்சாகும். ரசகற்பூர உருண்டையைப் பெட்டிக்குள் போடும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. படத்தோடு அது வேண்டாம், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளை இளக்கும், மூடிய அறையில் நமக்கும் ஆகாது. மாட்டிய படத்தின் கீழ் மூலைகளில் ஒரு சென்டிமீட்டர் கார்க் துண்டு ஒட்டுங்கள். சுவருக்கும் சட்டத்துக்கும் இடையே காற்று ஓடினால் பின்பக்கம் பூஞ்சை பிடிப்பது பெருமளவு குறையும்.

இப்போது “கொஞ்சம் சிவப்பா”. தமிழில் சிவப்பு என்றால் என்ன என்று உங்களுக்குத் தெரியும், கடையில் நிறம் விற்பவருக்குத்தான் தெரியாது. குடும்பப் படம் கேட்டு வருபவர்கள் கொண்டுவரும் பழைய ஸ்டுடியோ போட்டோக்கள் பலவும் அந்தக் காலத்திலேயே ரீடச் செய்து முகம் வெளுப்பாக்கப்பட்டவை. அதைப் பார்த்தே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் ஆயாவின் நிறம். கேட்டு வருபவர் சண்டை போட வேண்டிய ஆள் இல்லை. ஆனால் கேட்டபடி வெள்ளையைக் கலந்தீர்களானால் படம் கெட்டுப்போகும். கறுத்த தோலின் நிறத்தில் வெள்ளை சேர்ந்ததும் சாம்பல் பூத்துவிடும், உயிரில்லாத முகமாகிவிடும்.

தோலை இப்படிக் கட்டிப் பாருங்கள். நடுநிறத்துக்கு பர்ன்ட் சியன்னா இரண்டு பங்கு, மஞ்சள் ஓக்கர் ஒரு பங்கு, அல்ட்ராமரின் அரைப் பங்கு. நிழலுக்கு பர்ன்ட் அம்பரும் அல்ட்ராமரினும், அதோடு குயினாக்ரிடோன் சிவப்பு ஒரு துளி. கறுப்பு ட்யூபைத் திறக்கவே வேண்டாம். வெளிச்சம் நிழலுக்குத் திரும்பும் விளிம்பில்தான் கறுத்த தோல் அதிகம் சிவக்கும், அங்கே சியன்னாவைத் தாராளமாக விடுங்கள். வெளுப்பாக்க வெள்ளைக்குப் பதில் ஓக்கரையும் நேப்பிள்ஸ் மஞ்சளையும் கூட்டுங்கள். கடைசியில் நெற்றி மேட்டிலும் மூக்குத் தண்டிலும் விழும் பளபளப்பு: கறுத்த தோல் வானத்தைப் பிரதிபலிக்கும், ஆகவே அந்தப் புள்ளி வெள்ளை இல்லை, லேசான நீலச் சாம்பல். இரண்டு சின்னத் தொடுகை போதும், முகம் எழுந்து உட்காரும்.

சிவப்பாக வேண்டும் என்றவருக்கு? தோலைத் தொடாமல் பின்னணியையும் புடவையையும் இரண்டு படி கறுப்பாக்குங்கள். இருண்ட பச்சையின் பக்கத்தில் அதே முகம் வெளிச்சம் விழுந்ததுபோலத் தெரியும். மூக்குத்தியையும் தோட்டையும் தங்க நிறப் பெயின்ட்டில் போடாமல் ஓக்கர், அம்பர், ஒரே ஒரு வெளிர்மஞ்சள் புள்ளி என்று போட்டால் கண் அங்கே போய் நிற்கும். பெரும்பாலோர் இதோடு திருப்தியாகிவிடுவார்கள். அதற்கு மேலும் கேட்டால் மறுப்பது உங்கள் உரிமை, ஆனால் அந்த உரிமையை வேலை தொடங்குவதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும்.

எழுத வேண்டியது ஒரு பக்கம்கூட இல்லை. அளவு, ஊடகம், விலை, தேதி, பாதிப் பணம் முன்னால். பென்சில் வரைவைப் பார்த்து ஒப்புதல், பிறகு உள்ளங்கை அளவில் ஒரு நிற மாதிரி, அதற்கும் ஒப்புதல். அதற்குப்பின் இரண்டு திருத்தம் இலவசம், மூன்றாவதிலிருந்து மணிக்கணக்கு. நிற மாதிரிதான் இதில் சாவி. தோல் நிறம் பற்றிய பேச்சு அங்கேயே முடிந்துவிடும், முப்பது மணி நேரம் உழைத்த முகத்தின் மேல் வந்து விழாது. விலையும் தேதியும் வாட்ஸப்பில் எழுதி, அவர் “சரி” என்று பதில் போட்டிருந்தாலே பின்னால் பேச்சு மாறாமல் இருக்கும்.

காப்புரிமைக்கு அது போதாது. இந்த இடத்தில் பலரும் தவறாக நினைத்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். தென்னாப்பிரிக்காவின் 1978ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டத்தில், பொதுவாக வரைந்தவர்தான் முதல் உரிமையாளர், அவர் இறந்த வருடக் கடைசியிலிருந்து 50 ஆண்டுகள் வரை அது நிற்கும். ஆனால் 21ஆம் பிரிவில் ஒரு விதிவிலக்கு உண்டு. ஒருவர் காசு கொடுத்துத் தன் கேட்பின்பேரில் ஓர் உருவப்படம் வரையச் சொன்னாலோ போட்டோ எடுக்கச் சொன்னாலோ, அதன் காப்புரிமை கேட்டவருக்கே போகும். வேறு விதமாக ஒப்பந்தம் செய்திருந்தால்தான் மாறும். அதாவது ஆயாவின் முகத்தை வரைந்து கொடுத்துவிட்டு, அது அழகாக வந்திருக்கிறது என்று பிரின்ட் போட்டு விற்க உங்களுக்கு உரிமை இல்லை. அதே குடும்பம் பழைய வீட்டையும் மாமரத்தையும் வரையச் சொன்னால், அது உருவப்படம் இல்லை, காப்புரிமை உங்களிடமே நிற்கும். அவர்கள் கேட்டால்கூட, நீங்கள் கையெழுத்திட்ட எழுத்து இல்லாமல் அது கைமாறாது.

இதே பிரிவு போட்டோ விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். குடும்பம் காசு கொடுத்து எடுத்த கல்யாணப் படம் பொதுவாகக் குடும்பத்தின் சொத்து, அதைப் பார்த்து வரைய அவர்கள் அனுமதி போதும். போட்டோகிராபரின் ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். நெட்டில் எடுத்த படம் அப்படி இல்லை. எது கைமாறினாலும் 20ஆம் பிரிவு உங்களோடு இருக்கும்: இது என் வேலை என்று சொல்லும் உரிமையும், உங்கள் பெயருக்குக் களங்கம் வரும்படி படத்தைச் சிதைப்பதை ஆட்சேபிக்கும் உரிமையும். இந்தச் சட்டத்துக்கான திருத்த மசோதாவை 2024ல் ஜனாதிபதி அரசியல் சாசன நீதிமன்றத்துக்கு அனுப்பிவைத்தார். ஆகவே பெரிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுமுன் அன்றைய நிலவரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

சாமி படத்துக்கு வருவோம். கேட்டு வருபவர் மனதில் இருக்கும் லட்சுமி, ரவிவர்மாவின் அச்சுப்படங்களில் தொடங்கி, காலண்டர் ஓவியர் கோவில்பட்டி கொண்டையராஜு வழியாக சிவகாசிக் காலண்டரில் வந்து உட்கார்ந்தவள். அந்த முகத்தை மாற்றினால் “சாமி மாதிரி இல்லையே” என்பார்கள். சாமியின் உருவத்தை வர்ணிக்கும் தியான சுலோகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது இங்கே உதவும். எத்தனை கை, எந்தக் கையில் என்ன ஆயுதம், வாகனம், மேனி நிறம் என்பவை சுலோகத்தில் இருக்கும், அவற்றில் கை வைக்காதீர்கள். முகபாவம், மடிப்பு, வெளிச்சம், பின்னணி எல்லாம் பெரும்பாலும் உங்களுடையவை. பிள்ளையார் கையில் கரும்பு மரபிலேயே உண்டு. அவர் பின்னால் நேட்டால் கரும்புத் தோட்டம் அசைந்தால் எந்தக் கமிட்டியும் குறை சொல்ல முடியாது. 1860ல் கரும்புத் தோட்ட வேலைக்கு ட்ரூரோ கப்பலில் வந்திறங்கியவர்களின் வழிவந்தவர்களுக்கு அது என்னவென்று விளக்கவும் தேவையில்லை. மவுன்ட் எட்ஜ்கோம்பின் கணேசர் கோயிலை ஒரு முறை பொறுமையாகச் சுற்றிப் பாருங்கள். இங்கே கட்டியவர்கள் ஊரிலிருந்து கொண்டுவந்த நினைவையும் இங்கே கிடைத்த பொருளையும் கலந்துதான் வேலை செய்தார்கள்.

சுவர்ப்படத்தைப் பொறுத்தவரை கமிட்டியைவிடச் சிமென்ட்டுக்குத்தான் நான் பயப்படுவேன். புதுப் பூச்சு குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதிலிருக்கும் காரம் நிறங்களைத் தின்னும். பிரஷ்யன் நீலம் காரத்தில் பழுப்பாகிவிடும். ஆயில் பெயின்ட் சோப்பாகிப் பிசுபிசுக்கும். கும்பாபிஷேகத் தேதி நெருங்குகிறது என்று பத்தாம் நாளே பூசச் சொல்வார்கள், சம்மதிக்காதீர்கள். ஆறியபின் காரம் தாங்கும் பிரைமர் ஒரு பூச்சு, அதன்மேல் வெளிச்சுவருக்கான முழு அக்ரிலிக். மலிவான உட்சுவர் பிவிஏ பெயின்ட் வெளியே இரண்டு மழை தாங்காது. கடற்கரைக்குப் பக்கத்துக் கோயில் என்றால் பழைய சுவரை நல்ல தண்ணீரில் கழுவிக் காயவிட்டுத்தான் தொட வேண்டும். உப்பு படிந்த சுவரில் பெயின்ட் தோலாக உரியும். வெயிலில் நிற்பவை இரும்பு ஆக்சைடு சிவப்பு, மஞ்சள், டைட்டானியம் வெள்ளை, தாலோ நீலம், தாலோ பச்சை. பளபளக்கும் ரோஜாவும் ஊதாவும் கமிட்டிக்குப் பிடிக்கும், ஆனால் வடக்குப் பார்த்த சுவரில் அவைதான் முதலில் ஓடிப்போகும். வேலையை மே முதல் ஆகஸ்ட் வரை வைத்துக்கொள்ளுங்கள், இங்கே மழை கோடையில்தான். சாரத்துக்கு யார் பணம், விழுந்தால் யார் பொறுப்பு என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

பொது இடத்துச் சுவர்ப்படத்தில் இன்னொரு நெளிவு உண்டு. தெருவிலோ சதுக்கத்திலோ நிரந்தரமாக நிற்கும் ஓவியத்தைச் சினிமாவிலும் டிவியிலும் காட்டினால் காப்புரிமை மீறல் ஆகாது என்று 15ஆம் பிரிவு சொல்கிறது. போஸ்ட்கார்டிலும் ஃபிரிட்ஜ் காந்தத்திலும் அச்சடித்து விற்பதை அது சொல்லவில்லை. யாராவது அப்படி விற்றால் கேளுங்கள்.

இனி சட்டம், அரசியல் பக்கம். நிறவெறி ஆட்சிக் காலத்தில் 1974ஆம் ஆண்டு வெளியீடுகள் சட்டம் “விரும்பத்தகாதது” என்று முத்திரை குத்தித் தடை செய்ய அரசுக்கு அதிகாரம் தந்தது. 1996 அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவில் கருத்துச் சுதந்திரத்தின் கீழே “கலைப் படைப்புச் சுதந்திரம்” என்று தனியாகவே எழுதியிருக்கிறது. பல நாட்டுச் சாசனங்களில் இப்படிப் பேர் சொல்லி இருக்காது. எல்லையும் அதிலேயே உண்டு: போர்ப் பிரசாரம், உடனடி வன்முறைக்குத் தூண்டுவது, இனம், பாலினம், மதத்தின் பேரில் வெறுப்பைப் பரப்பித் தீங்குக்குத் தூண்டுவது ஆகியவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

காகிதத்தில் இருப்பது ஒன்று, சுவரில் நடப்பது ஒன்று. 2012ல் பிரெட் மரே வரைந்த, அன்றைய ஜனாதிபதி ஜேக்கப் ஜூமாவை அந்தரங்க உறுப்பு தெரியக் காட்டிய ஓவியம் ஜோகன்னஸ்பர்க் காலரியில் தொங்கியது. ஆளுங்கட்சி கோர்ட்டுக்குப் போனது. மே 22ஆம் தேதி இருவர் காலரிக்குள் புகுந்து படத்தின்மேல் பெயின்ட் அடித்தார்கள். திரைப்பட, வெளியீட்டு வாரியம் அதற்கு 16 வயது வரம்பு விதித்து, அதே வருடம் மேல்முறையீட்டில் அது ரத்தானது. அந்த ஓவியம் நல்ல ரசனையா என்பதில் கருத்து வேறுபாடு இருக்கலாம், கறுப்பினத்தவரின் உடலைக் காலனிக் காலம் எப்படிக் காட்டியது என்ற வலியும் அந்தக் கோபத்தில் இருந்தது. படத்தைக் கெடுத்தது சட்டம் அல்ல என்பதை மட்டும் கவனியுங்கள். அதற்கு முன் 2005ல், பெரிய பீர் கம்பெனியின் லேபிளைக் கிண்டலடித்து டீஷர்ட் போட்டவர்கள் பக்கம் அரசியல் சாசன நீதிமன்றம் நின்றது. ஆனால் அங்கே போய்ச் சேர அவர்களுக்கு வருஷங்கள் ஆயின. நீங்கள் கேலிச்சித்திரம் வரைவதானால் சட்டம் உங்களுக்கு ஓரளவு துணை, வக்கீல் செலவுக்கு அது துணை இல்லை.

நம் சமூகத்துக்குள் வரும் தடை இன்னும் மெல்லியது. கோயிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் வரைபவர், அதே பெயரில் சாதியைப் பற்றியோ குடியைப் பற்றியோ ஒரு தொடர் வரைந்தால் யாரும் தடுக்கமாட்டார்கள், அடுத்த தை மாதம் காவடிக்கு வேறு ஆளைக் கூப்பிடுவார்கள். இதற்குப் பலர் இரண்டு பெயரில் கையெழுத்திடுகிறார்கள். தவறில்லை, ஆனால் இரண்டு பெயரும் ஒரே ஃபோன் நம்பரில் இருந்தால் அர்த்தமில்லை. இன்னொரு வழி, சொந்தப் படங்களைத் தனியாக வைத்து க்ளென்வுட்டின் கேஇசட்என்எஸ்ஏ (குவாசூலு-நேட்டால் கலைச் சங்கம்) காலரி போன்ற இடங்களுக்கு அனுப்புவது. அங்கே வருபவர்கள் வேறு.

காலரி என்றதும் விலை. இதில்தான் சுதந்திரம் சத்தமில்லாமல் கரைகிறது. உதாரணக் கணக்கு: 60க்கு 90 சென்டிமீட்டர் ஆயில் படம். பொருள் 900 ராண்ட், படச் சட்டம் 800, வேலை 35 மணி நேரம், மணிக்கு 150 என்றால் 5250. மொத்தம் 6950. காலரி 40 சதவீதம் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் 6950உடன் 40 சதவீதத்தைக் கூட்டி 9730 என்று விலை போடுவார்கள். காலரி தன் பங்கை 9730இல் எடுத்துக்கொள்ளும், உங்களுக்கு வருவது 5838. ஒவ்வொரு படத்திலும் 1112 ராண்ட் நஷ்டம். சரியான கணக்கு 6950ஐ 0.6ஆல் வகுப்பது, அதாவது சுமார் 11,580. அதே படத்தை வீட்டில் விற்றாலும் விலையைக் குறைக்காதீர்கள். காலரிக்குத் தெரிந்தால் அடுத்த முறை கதவு திறக்காது. சொந்தப் படங்கள் நஷ்டத்தில் போகும்போதுதான் வேண்டாத ஆர்டர்களுக்குத் தலையாட்ட வேண்டியிருக்கும்.

ஆகவே வேலையை விடுவது பற்றி: ஆறு மாத வீட்டுச் செலவு கையில் இல்லாமல் விடாதீர்கள். அதுவரை வாரத்தில் இரண்டு முழுக் காலையைச் சொந்தப் படத்துக்கு மட்டும் ஒதுக்கி, ஆர்டர் வேலையைப் பிற்பகலில் வையுங்கள். வெளிச்சமும் மூளையும் காலையில் புதிதாக இருக்கும், வாட்ஸப்பை மதியம் திறந்தாலும் யாரும் ஓடிவிடமாட்டார்கள்.

இடைப்பட்ட காலத்தில் காசு செலவில்லாத ஒரு சோதனை. உங்களிடம் இருக்கும் எல்லாச் சிவப்பு, ரோஜா, ஊதா ட்யூபையும் எடுத்து ஒரு தாளில் பட்டை பட்டையாகப் பூசி, பக்கத்தில் நிறமிக் குறியீட்டை எழுதுங்கள். பழைய அலிசரின் கிரிம்சன் என்றால் பிஆர் 83, குயினாக்ரிடோன் என்றால் பெரும்பாலும் பிவி 19. ஒவ்வொரு பட்டையின் பாதியையும் கறுப்பு அட்டையால் மூடி ஒட்டி, நம் ஊரில் வெயில் விழும் வடக்குச் சன்னல் கண்ணாடியில் உள்பக்கமாக மே மாதம் மாட்டுங்கள். ஆகஸ்ட் கடைசியில் அட்டையைக் கழற்றிப் பார்த்தால், எந்த ட்யூபை ஆயாவின் கன்னத்துக்கு எடுக்கலாம், எதைப் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளிடம் விளையாடக் கொடுக்கலாம் என்பது கோடு போட்டதுபோலத் தெரிந்துவிடும்.